அடைமுட்டை என்ற பெயரில் கருவில்லாத முட்டை: நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

"சிறுவிடை அடைமுட்டை, கரு உறுதி, தமிழ்நாடு முழுக்கப் பார்சல்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்களைப் பார்த்துப் பணம் அனுப்பும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். சிறுவிடை என்பது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி வகை. அடைமுட்டை என்றால் குஞ்சு பொரிக்க அடை வைக்கும் முட்டை. என்னை ஏமாற்றிய பண்ணையின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள் என்று விசாரித்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் சிறுவிடை அடைக்கு உட்கார்ந்த நேரம், சேர்த்து வைத்திருந்த முட்டையில் பாதியைக் கீரி தூக்கிப் போய்விட்டது. நல்ல அடைக்கோழி வீணாகக்கூடாதே என்று அந்தப் பண்ணையில் முட்டை கேட்டேன். ஒன்று 30 ரூபாய். "எல்லாம் சேவலோட மேயுற கோழிங்கண்ணா, கவலையே படாதீங்க" என்றார். முழுப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிய பிறகே பஸ்ஸில் போட்டுவிட்டார்.

பெட்டியைத் திறந்ததுமே உறுத்தியது. நாட்டுக்கோழி முட்டை ஒன்று சின்னதாக, ஒன்று நீளமாக, ஒன்று வெளுப்பாக இருக்கும். சிறுவிடை முட்டை சுமார் 40 கிராம்தான் வரும். இவை எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு, கையில் எடுத்தால் கனம். கேட்டதற்கு, தீவனம் நல்ல தீவனம் என்றார். சரி, பார்ப்போம் என்று முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்தேன். பயணத்தில் குலுங்கி வந்த முட்டைக்கு அந்த ஓய்வு வேண்டும். அப்புறம் எங்கள் முட்டைகளில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே கோழியின் அடியில் வைத்தேன். சிறுவிடையால் 10, 12 முட்டைக்கு மேல் அணைக்க முடியாது. மீதி வந்ததைத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் பருத்த பக்கத்தை வைத்துப் பார்த்தேன். கோடு போட்ட முட்டைகளில் நடுவே ஒரு கறும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் போல நாலா பக்கமும் சிவப்பு நரம்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் புள்ளி அசைந்தது. பார்சலில் வந்தவற்றில் ஒன்றில்கூட நரம்பு இல்லை. மஞ்சள் கருவின் நிழல் மட்டும் உருண்டது.

பண்ணைக்காரரிடம் சொன்னால், "வண்டியில குலுங்கி கரு கலைஞ்சிருக்கும்ணா" என்றார். பிறகு, "உங்க கோழி ஒழுங்கா படுக்கலை" என்றார். அதே கோழியின் அடியில் பக்கத்து முட்டைகள் உயிரோடு இருக்கின்றனவே என்றதும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகு என் போன் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

குலுங்கினால் சில முட்டை பொரிக்காமல் போவது உண்மைதான். அதனால் மீதி வைத்திருந்த முட்டைகளைத் தட்டில் உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எப்போதும் இருக்கும். சேவல் சேர்ந்த முட்டையில் அது வட்டமான வளையமாகத் தெரியும். சேராததில் ஒழுங்கற்ற சின்னப் பொட்டு மட்டும்தான். உடைத்த எல்லாவற்றிலும் பொட்டுதான் இருந்தது. கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளுக்குச் சேவலே கிடையாது. பிவி 380 மாதிரிப் பழுப்பு முட்டை இடும் கோழிகள் அப்படித்தான் வளர்கின்றன. எனக்கு வந்தது அந்த முட்டைதான் என்று நினைக்கிறேன். சாப்பிட நல்ல முட்டை, ஆனால் எத்தனை நாள் அடைகாத்தாலும் குஞ்சு வராது.

பணத்தைவிட எனக்குக் கோழியை நினைத்துத்தான் ஆத்திரம். அடைக்கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை எழுந்து, அவசரமாக இரண்டு வாய் தின்று, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து படுக்கும். நெஞ்சில் இறகு உதிர்ந்து, உடம்பு மெலிந்து 21 நாள் கிடக்கிறது. அதன் அடியில் தெரிந்தே கூமுட்டை ஆகப்போவதைக் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் பழைய முட்டையா புதுசா என்பதுதான் தெரியும், கரு தெரியாது. வாங்குவதில் ஒன்றை உடைத்து வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் வீடியோ காலில் சேவலையும் கோழிகளையும் காட்டச் சொல்லுங்கள். நானும் கேட்டேன், நெட் இல்லை என்று தட்டிக் கழித்தார்.

இப்படி வாங்கி ஏற்கெனவே அடை வைத்திருப்பவர்கள் ஏழு நாள் ஆனதும் டார்ச் அடித்துப் பாருங்கள். நரம்பு தெரியாமல் தெளிவாக இருப்பதை உடனே எடுத்துவிடுங்கள். விட்டால் அழுகி, கூட்டிலேயே வெடித்துப் பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். எல்லாமே தெளிவாக இருந்தால் அக்கம்பக்கத்தில் சேவலோடு மேயும் கோழியின் முட்டையை வாங்கி, இரவில் அதே கோழியின் அடியில் மாற்றி வையுங்கள். பக்கத்திலேயே தண்ணீரும் கம்புத் தானியமும் வைத்தால் பெரும்பாலும் இன்னொரு 21 நாள் தாங்கும்.