கேமல்பேக், எக்கோ கேன்யன் பாதை: ஏறுவதற்கு நான்கு நட்சத்திரம், இறங்குவதற்கு இரண்டு

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கம் குடியிருந்தால், ஊரிலிருந்து யார் வந்தாலும் இரண்டாம் நாளே கேமல்பேக் மலையைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். விமானம் இறங்கும்போதே கண்ணில் படுகிற மலை அது. நகரத்துக்கு நடுவில், பெயருக்கேற்றபடி ஒரு ஒட்டகம் மாதிரி தலையும் திமிலுமாகப் படுத்துக் கிடக்கும். "சின்னதுதானே, போய்ட்டு வந்து டிபன் சாப்பிடலாம்" என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்தை மட்டும் பார்த்தால் சின்னதுதான். எக்கோ கேன்யன் பாதை ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மைல்கூட வராது. ஆனால் அதற்குள் 1,200 அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,700 அடி சொச்சம். ஃபீனிக்ஸ் நகராட்சி தன் பாதைகளுக்கு வைத்திருக்கும் தர வரிசையில் இதற்குக் கொடுத்திருப்பது இரட்டைக் கறுப்பு வைரம். அதற்கு மேல் கடினமான வகை கிடையாது. அந்தக் குறி வாசலிலேயே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

முதலில் வசதிகள். நுழைவுக் கட்டணம் இல்லை. கழிப்பறையும் குடிதண்ணீர்க் குழாயும் அடிவாரத்தில் உண்டு. அதற்கு மேல் உச்சி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. சூரிய உதயத்துக்குத் திறந்து அஸ்தமனத்துக்கு மூடுகிறார்கள். பார்க்கிங் 2014-இல் பெரிதாக்கப்பட்டது. அப்படியும் குளிர்காலச் சனி, ஞாயிறுகளில் விடிந்த சற்று நேரத்தில் நிரம்பிவிடும். நிரம்பினால் சுற்றுத் தெருக்களில் வண்டியை விட முடியாது, அபராதம் வரும். வார நாளில் விடியற்காலை போவதுதான் உத்தமம். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தப் பாதை மலையின் மேற்கு, வடமேற்குப் பக்கமாக ஏறுகிறது. அதனால் காலையில் பாதி வழி வரை மலையே நிழல் கொடுக்கும். மதியத்துக்கு மேல் வந்தீர்கள் என்றால் இதே பாறைச் சுவர் வெயிலை வாங்கி உங்கள் மேலேயே திருப்பி வீசும். இந்த ஒரு விஷயத்துக்காகவே காலை எக்கோ கேன்யன் ஒரு பாதை, மாலை எக்கோ கேன்யன் வேறொரு பாதை என்பேன்.

தொடக்கத்தில் கட்டைகளைக் குறுக்கே பதித்த படிகள். படி என்றால் சீரான படி இல்லை, ஒன்று அரை அடி, அடுத்தது முழங்கால் உயரம். மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது ஒட்டகத்தின் தலைக்கும் திமிலுக்கும் நடுவே இருக்கிற கழுத்துப் பள்ளம் வந்துவிடும். தலைப் பக்கத்துப் பாறை செம்மண் நிறம், கூழாங்கற்கள் பதிந்தது, சொரசொரப்பு. செருப்புக்கே பிடி கிடைக்கும். கைகூப்பி உட்கார்ந்திருக்கும் துறவியைப் போல நிற்பதால் பிரேயிங் மங்க் என்று பெயர் பெற்ற பாறையும் இந்தத் தலையில்தான் இருக்கிறது. சகுவாரோ கள்ளிகள், பச்சைத் தண்டுடைய பாலோ வெர்டே மரங்கள், கீழே பாரடைஸ் வேலி (Paradise Valley) என்கிற ஊரின் மாளிகைகளும் நீச்சல் குளங்களும். புகைப்படத்துக்கு வேண்டியதெல்லாம் இங்கேயே கிடைத்துவிடும்.

பெரியப்பா வந்திருந்தபோது இந்தக் கழுத்தில்தான் உட்கார்ந்தார். மேலே போகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, மேல கோயில் ஏதும் உண்டா?" என்றார்.

"இல்ல பெரியப்பா."

"பொறவு எதுக்கு இந்தப் பாடு படுதாவ?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் அங்கேயே இருந்து, கடலைமிட்டாய் தின்று, சுகமாகக் காலைப் பொழுதைக் கழித்தார். ஊரிலிருந்து வரும் பெரியவர்களை இங்கே கூட்டி வரலாம், இதுவரைக்கும். இதற்கு மேல் வேண்டவே வேண்டாம்.

ஏனென்றால் பாதை தன் குணத்தைக் காட்டுவது கழுத்தைத் தாண்டிய பிறகுதான். முதலில் கம்பி வலை வேலி ஓரமாக ஒரு கைப்பிடிக் கம்பி. அது சும்மா பயமுறுத்தல். அடுத்து வருகிற இரண்டாவது கம்பிதான் விஷயம். சாய்வான ஒரே பாறை, அதில் நட்ட இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்து, பாதத்தைத் தட்டையாக வைத்து ஏற வேண்டும். நுனிக்காலில் ஏறினால் வழுக்கும். நடுவில் பாறையைக் குடைந்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன; எல்லாரும் அதிலேயே கால் வைத்து வைத்து, பல வருஷம் அரைத்த அம்மி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. குழியை விட்டு ஓரத்தில் சொரசொரப்பாக இருக்கும் இடத்தில் மிதியுங்கள். கம்பியைக் கையுறையோடு பிடிப்பது நல்லது. கோடையில் அது கையைச் சுடும். கூட்ட நாளில், முன்னால் போனவர்களின் வியர்வையில் நழுவும்.

அதற்கப்புறம் பாறைக் குவியல். இங்கே பாதை என்று எதுவும் இல்லை, உருண்டைப் பாறைகளுக்கு நடுவே கை, முழங்கால் எல்லாம் ஊன்றி ஏறுவதுதான். இந்தத் திமில் கிரானைட். தலைப் பக்கத்துச் செம்பாறைக்குச் சில கோடி வருஷம் வயது என்றால், இதற்கு நூறு கோடிக்கு மேல். அவ்வளவு பழைய கல் மேலாக உதிர்ந்து உதிர்ந்து, ஜவ்வரிசி அளவுச் சரளையாகப் பாறை மேலேயே கிடக்கிறது. கெட்டியான கல், அதன் மேல் உருளுகிற மணி: கால் வழுக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது. வழியில் எண் போட்ட குறிகள் வரும். கடைசியாகத் தாண்டிய எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 911-ஐ அழைக்க நேர்ந்தால் அவர்கள் கேட்பது அதைத்தான்.

உச்சி? நன்றாகத்தான் இருக்கிறது. தெற்கே விமான நிலையம், வடமேற்கில் பியஸ்டெவா சிகரம், கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள். அணில்கள் கையில் இருப்பதைப் பிடுங்க வரும், போடாதீர்கள். பத்து நிமிஷம் போதும்.

இறங்குவதற்குத்தான் இரண்டு நட்சத்திரம் என்றேன். ஏறும்போது நெஞ்சு வேலை செய்கிறது, இறங்கும்போது முட்டியும் தொடையும். ஏறும்போது கண்ணுக்கு நேரே இருந்த பிடிகள் இப்போது காலுக்கடியில் ஒளிந்துகொள்கின்றன. நான் பாறைக் குவியலில் வெட்கமே படாமல் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு காலாக நீட்டித்தான் இறங்குவேன். பேன்ட்டின் பின்பக்கம் போனால் போகட்டும். இரண்டாவது கம்பியில் முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவது போல இறங்குவது எனக்கு வசதி. நீளக் கைத்தடிகளை வைத்துக்கொண்டு இங்கே தடுமாறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும், தடியைப் பையில் செருகிவிடுங்கள். இதில் மேலே ஏறுகிற கூட்டம் எதிரே வரும். ஏறுகிறவருக்கு வழி விடுவது வழக்கம். நடைமுறையில், ஓடியே இறங்குகிற சில பேர் இடித்துக்கொண்டு போவார்கள். ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எக்கோ கேன்யன், அதாவது எதிரொலிப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்த இடத்தில்!

வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். 2021-லிருந்து, கடும் வெப்ப எச்சரிக்கை உள்ள நாட்களில் இந்தப் பாதையைப் பகல் பொழுதில் மாலை 5 மணி வரை மூடிவிடுகிறார்கள். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மூடவில்லை என்பதால் பத்திரம் என்று அர்த்தமில்லை. சென்னை வெயிலில் வளர்ந்தவன் என்று மார்தட்டாதீர்கள். இங்கே வியர்ப்பதே தெரியாது, வரண்ட காற்று அதை உடனே உறிஞ்சிவிடும், தாகம் தெரியும்போது தாமதமாகியிருக்கும். நகரத்து மலைகளில் தீயணைப்புத் துறை வருஷத்துக்கு 200-க்கும் மேற்பட்ட மீட்புகள் செய்கிறது. நடமாட முடியாதவரை ஒற்றைச் சக்கரம் வைத்த தூக்குப்படுக்கையில் வைத்து இறக்குவார்கள், முடியாத இடத்தில் ஹெலிகாப்டர். கொண்டு வந்த தண்ணீரில் பாதி தீர்ந்ததும், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும், திரும்பிவிடுங்கள். தலைக்கு இரண்டு லிட்டராவது வேண்டும். நாய்க்கு அனுமதி இல்லை, அதுவும் நியாயம்தான்.

ஷூ அடிப்பாகம் தேயாததாக இருக்கட்டும். பையில் ஒரு சீப்பு போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். சோய்யா கள்ளியின் கணு ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்டால், கையால் பிடுங்கினால் கையிலும் ஒட்டும். சீப்பின் பற்களை இடையில் விட்டுச் சட்டென்று நெம்பித் தள்ள வேண்டும்.

மலையின் கிழக்குப் பக்கமிருந்து ஏறும் சோய்யா பாதை கொஞ்சம் நீளம், தொடக்கம் சாந்தம், கடைசிப் பகுதி முகட்டின் மேல் இரு பக்கமும் திறந்து கிடக்கும். காலை வெயில் முழுதும் முகத்தில். உயரம் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களுக்கு எக்கோ கேன்யனே மேல். வழுக்கல்தான் பயம் என்றால் அந்தப் பக்கம் போகலாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது நடப்பவர், முட்டி நல்லபடியாக இருப்பவர், நவம்பர் முதல் மார்ச்சுக்குள் வருகிறவர் என்றால் தாராளமாக உச்சிக்குப் போங்கள். உடன் வந்தவர்களைக் கழுத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவதானால் அவர்களிடம் தண்ணீரும் கார் சாவியும் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரப்போவதில்லை.