திருப்பூரில் டே கேர் தேடுகிறீர்களா? மொத்தமாகப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

என் பையனுக்கு இப்போது இரண்டே கால் வயது. நடுவில் இரண்டரை மாதம் அவனை ஒரு டே கேரில் விட்டிருந்தோம். அங்கே மொத்தமாகக் கட்டிய மாதக் கட்டணத்தில் பாதி இன்னும் திரும்பி வரவில்லை. பணத்தைக்கூட விடுங்கள், அந்த இரண்டரை மாதமும் அவன் அங்கே எப்படி இருந்தான் என்று தெரிந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. வழக்குப் போட்டிருப்பதால் இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதே மாதிரி நடத்துகிற இடம் ஊரில் அது ஒன்று மட்டும் இருக்காது.

நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டரை நேரத்துக்கு முடித்து அனுப்ப வைக்கிற வேலை. வீட்டுக்காரருக்குப் பெருந்துறை பக்கம் வேலை, காலையில் 7 மணிக்குக் கிளம்பினால் இரவு 8 ஆகிவிடும். பிரசவ விடுப்பு 26 வாரம் முடிந்ததும் காங்கேயத்திலிருந்து என் அம்மா வந்து பையனைப் பார்த்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு மேல் எனக்குக் கவலையே இல்லை. அப்புறம் அப்பா மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, அம்மா உடனே ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. மாமியார் கோபியில் கொழுந்தனார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவரை இழுக்க முடியாது. ஒரே வாரத்துக்குள் இடம் தேட வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில்தான் நான் ஏமாந்தேன்.

பார்க்கப் போனபோது எல்லாமே நன்றாக இருந்தது. முன் அறையில் சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி, தரையில் ரப்பர் மேட், மூலையில் சிசிடிவி. செல்போனில் ஆப் போட்டுக்கொண்டால் எந்த நேரமும் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். மாதம் 8,500. ஆறு மாதத்தை ஒன்றாகக் கட்டினால் ஏழாவது மாதம் இலவசம் என்றதும் நான் கணக்குப் போட்டுப் பார்த்து லாபம் என்று நினைத்துவிட்டேன். 51,000, அதற்கு மேல் அட்மிஷன் 5,000, டெபாசிட் 10,000. மொத்தம் 66,000. என் சம்பளம் 26,000, ஆக இரண்டரை மாதச் சம்பளத்துக்கும் மேல். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினோம். ரசீது கேட்டபோது ஒரு சின்னத் துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பணம் திரும்பத் தருவது பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை, நானும் கேட்கவில்லை.

முதல் மாதத்திலேயே ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. கேமரா ஆப்புக்கு மாதம் 300. சாயங்காலத் தின்பண்டத்துக்கு 600. மாலை 6.30க்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 100. ஷிப்மென்ட் நேரத்தில் எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் பிரிவில் ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிற நாளில் நான் மட்டும் 6 மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது. இரண்டாவது மாதம் தாமதக் கட்டணம் மட்டும் 2,300. மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால் அந்த மாதம் எனக்கு ஆன செலவு 11,700. சரி, பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்று கட்டினேன்.

நான் காலையில் அரிசியும் பருப்பும் வடித்து நெய் விட்டுப் பிசைந்து டப்பாவில் போட்டு அனுப்புவேன். சாயங்காலம் டப்பா காலியாக, கழுவித் துடைத்து வரும். தினமும் 4 டயபர் வைப்பேன், நான்கும் தீர்ந்துவிடும். ஆப்பைத் திறந்தால் பையன் அந்த யானைச் சுவருக்கு முன்னால் மேட்டில் உட்கார்ந்திருப்பான். இதற்கு மேல் நான் எதைச் சந்தேகப்படுவது?

கண்டுபிடித்தது என் அம்மா. ஒரு சனி ஞாயிறில் காங்கேயம் போயிருந்தோம். அம்மா வாசலில் வெந்நீர் விளாவி வைத்துப் பையனைக் குளிக்க வார்த்தார். தொடையிடுக்கில் சோப்புப் போட்டவர் கையை எடுத்துவிட்டார். நான் அதைச் சாதாரண டயபர் தடிப்பு என்று க்ரீம் தடவிக்கொண்டிருந்தேன். அம்மா பையனைத் திருப்பிப் பார்த்தார், இடுப்பைச் சுற்றி டயபர் ஓரம் அப்படியே கோடு போட்ட மாதிரி சிவந்து தோல் உரிந்திருந்தது. "இது காத்தால கட்டுனதைப் பொழுது சாயற வரைக்கும் அவுக்காம உட்ட புண்ணு கண்ணு. துணி கட்டுன காலத்துலகூட உங்களையெல்லாம் நான் இப்புடி உட்டதில்ல" என்றார். அன்று மதியம் பையன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தும் அம்மாவுக்குச் சந்தேகம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், விடவே இல்லை.

திங்கட்கிழமை காலை டயபரின் ஒட்டுப் பட்டையில் நீலப் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டு அனுப்பினேன். சாயங்காலம் அவன் இடுப்பில் அதே கோடு. பையில் வைத்த நான்கு டயபரும் இல்லை. செவ்வாயும் அப்படியே. ஆக என் பிள்ளைக்கு மாற்றாமல், நான் வைத்தது வேறு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல், மதியம் 2.30க்குப் போய் நின்றேன்.

கதவு திறக்கவே பத்து நிமிடம் ஆனது. யானைச் சுவர் அறையில் ஒருவரும் இல்லை. பின்னால் ஒரு ஹால், அங்கே கேமரா கிடையாது, டிவி அலறிக்கொண்டிருந்தது. நான் எண்ணினேன், 17 பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஒரே ஒரு பெண், 20 வயதுகூட இருக்காது. ரசம் சாதம் பிசைந்த ஒரே தட்டு, ஒரே கரண்டி, ஒன்பது பிள்ளைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கு ஊட்டிய கரண்டியே அடுத்த பிள்ளைக்கும் போனது. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து ஊட்டினால் நேரம் ஆகும் என்று வீட்டுச் சாப்பாட்டையெல்லாம் பின் வாசலில் ஒரு வாளியில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த வாளியில் மேலாக என் அரிசியும் பருப்பும் கிடந்தது, நெய் உறைந்து வெள்ளையாக நின்றிருந்தது. தினமும் கழுவி அனுப்புகிறார்களே என்று பக்கத்து சீட்டில் இருக்கிறவர்களிடம் நான் பெருமையாகச் சொன்ன டப்பா அது. பிள்ளைகளை முன் அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பது காலையிலும் சாயங்காலமும் சிறிது நேரம்தான் என்று அப்புறம் தெரிந்தது. நான் வழக்கமாக ஆப் பார்ப்பதும் டீ இடைவேளையில், அதே நேரத்தில்தான்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. "நான் என்னக்கா பண்ணட்டும், காத்தால 7 மணிக்கு வந்தேன், சமையலும் நான்தான்" என்று அழுதுவிட்டாள். அவளுக்குச் சம்பளம் 7,000 என்றாள். ஒரு பிள்ளைக்கு 8,500 வாங்குகிறவர்கள் 17 பிள்ளைகளுக்கு வைத்திருந்த ஆள் அவள் ஒருத்திதான்.

அன்றே பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கான பணத்தை எடுத்துக்கொண்டு மீதி 25,500, டெபாசிட் 10,000, இரண்டையும் கொடுங்கள் என்று கேட்டேன். நடத்துகிற அம்மா முதலில் "மேடம், மேடம்" என்று பேசினார், அப்புறம் இரண்டு மாதம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சலுகையில் கட்டியதைத் திருப்பித் தர மாட்டோம், டெபாசிட் சுத்தம் செய்ததற்குச் சரியாகிவிட்டது என்று ஆரம்பித்தார். நான்கு முறை நடந்தேன். ஐந்தாவது முறை கேட்டைத் திறக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு டெபாசிட் 10,000 இரண்டு தவணையாக வந்தது. மீதிக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம், ஆன்லைனிலும் முடியும். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச்சீட்டும், ஜிபே கணக்கும், வாளியை நான் செல்போனில் எடுத்த இரண்டு போட்டோவும்தான். அந்த நேரத்தில் போட்டோ எடுக்கத் தோன்றியது என் அதிர்ஷ்டம்.

மனு எழுதும்போதுதான் மற்றதையும் படித்தேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தக் காப்பகங்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளரும் கூடவே ஓர் உதவியாளரும் வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கம்பெனியிலும் காப்பகம் என்று போர்டு மாட்டிய அறை ஒன்று உண்டு. பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சோதிக்க வருகிற நாளில் தொட்டில் கட்டுவார்கள், மற்ற நாளில் அங்கே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். அதைத் திறந்து நடத்துங்கள் என்று தையல் பிரிவுப் பெண்களையும் சேர்த்து 11 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற அந்தப் பெண்களால் 8,500 நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி இளையதைப் பார்க்க வைத்திருக்கிற வீடு எனக்கே இரண்டு தெரியும்.

இப்போது அம்மாவும் அப்பாவும் எங்களோடு திருப்பூரில் இருக்கிறார்கள். பையன் காலையில் பக்கத்துத் தெரு அங்கன்வாடிக்குப் போகிறான், முட்டையோடு சாப்பாடு போடுகிறார்கள், மதியத்துக்கு மேல் அவனுக்கு அம்மிச்சிதான் (என் அம்மாதான்) எல்லாம். நல்லவேளை அம்மா இருக்காங்க, செலவில்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே வருவதற்காக அம்மா இரண்டு கறவை மாட்டையும் விற்றார். சொசைட்டிக்குப் பால் ஊற்றி மாதம் 9,000 போல அவர் கைக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றுவிட்டது. 61 வயதில் மூன்றாவது மாடிக்கு ஏறி இறங்குகிறார், முழங்காலுக்கு ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார். மாதம் 6,000 அவர் கணக்கில் போடுகிறேன். "பேரனைப் பாக்கறதுக்குக் கூலியா?" என்று முதலில் கோபித்துக்கொண்டார். கூலி இல்லை அம்மா, மாட்டுப் பணம் என்று சொன்னபிறகுதான் பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தார்.

டே கேர் தவிர வேறு வழி இல்லாதவர்கள் நிறையப் பேர், நானும் அப்படித்தான் போனேன், நல்ல இடங்களும் இருக்கும். ஆனால் தயவுசெய்து மாதாமாதம் மட்டும் கட்டுங்கள், எவ்வளவு சலுகை சொன்னாலும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள், நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சொல்லிவிட்டுப் போகாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், பின் அறை வரைக்கும் நடந்து பாருங்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது, பிள்ளைகள் அழுவார்கள் என்று சொன்னால் அந்த இடமே வேண்டாம். கேமராவை நம்பி நான் கெட்டேன். டயபரில் பேனாக் கோடு போட ஒரு நொடி போதும், சேர்த்த முதல் வாரத்திலேயே போட்டுப் பாருங்கள்.

இதே மாதிரிப் பணத்தைக் கட்டிவிட்டு அலைகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். நான் கொடுத்த மனுவின் நகலை அனுப்புகிறேன், தமிழில்தான் எழுதியிருக்கிறேன், பெயரையும் தொகையையும் மாற்றி நிரப்பிக்கொள்ளலாம்.