பைன்போனா, பழைய ஒன்பிளஸ் 6-ஆ? லினக்ஸ் போன் வாங்கும் முன்

லினக்ஸ் ஓடும் போன் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று, லினக்ஸுக்கென்றே பைன்64 நிறுவனம் செய்த பைன்போன். இன்னொன்று, 2018-இல் வெளிவந்த ஒன்பிளஸ் 6-ஐ செகண்ட்ஹேண்டில் வாங்கி, போனுக்கான லினக்ஸான போஸ்ட்மார்கெட்ஓஎஸ் ஏற்றுவது. இரண்டிலும் மெயின்லைனை, அதாவது லினக்ஸின் அதிகாரபூர்வ மூலத்தை, ஒட்டிய கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையக்கரு). ஃபோஷ், பிளாஸ்மா மொபைல், எஸ்எக்ஸ்எம்ஓ என்று முகப்பை எதிலும் மாற்றிக்கொள்ளலாம். நோண்டிப் பார்க்கத்தான் போன் என்றால் என் ஓட்டு பைன்போனுக்கு.

அது எங்கே தோற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். வேகத்தில் பேச்சே இல்லை. ஆல்வின்னர் ஏ64 சிப், நான்கு கார்டெக்ஸ் ஏ53 கோர்கள், 2 அல்லது 3 ஜிபி ராம், மாலி-400 கிராஃபிக்ஸ்: இவ்வளவுதான் பைன்போன். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். 2 ஜிபி மாடலில் பிளாஸ்மா மொபைலை எண்ணவே வேண்டாம். எஸ்எக்ஸ்எம்ஓ சுகமாக ஓடும், ஃபோஷ் சமாளிக்கும். எதிரே ஒன்பிளஸ் 6-இல் ஸ்னாப்டிராகன் 845 சிப், 6 அல்லது 8 ஜிபி ராம், யூஎஃப்எஸ் சேமிப்பகம், அமோலெட் திரை. வேகம்தான் முக்கியம் என்பவர் இத்தோடு நிறுத்திவிட்டு ஒன்பிளஸை வாங்கிவிடலாம்.

மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. கெர்னலைக் கெடுத்துவிட்டீர்கள், திரை கறுப்பாக நிற்கிறது. அடுத்து என்ன?

பைன்போனில் பதில் எளிது. ஏ64 சிப்புக்குள் பொறித்திருக்கும் பூட் ரோம் (ROM), முதலில் மைக்ரோஎஸ்டி கார்டைப் பார்க்கும்; அதில் பூட்லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) இல்லையென்றால்தான் உள்ளிருக்கும் சேமிப்பகமான இஎம்எம்சிக்குப் போகும். இந்த வரிசையை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. ஆகவே உள்ளே என்ன குளறுபடி செய்தாலும், நல்ல இமேஜ் (இயங்குதளத்தின் முழு நகல்) எழுதிய கார்டு ஒன்று கையில் இருந்தால் போன் எழுந்துவிடும். ஜம்ப்டிரைவ் என்ற சிறு இமேஜைக் கார்டில் எழுதிப் போட்டு பூட் செய்தால், போனின் இஎம்எம்சி கணினியில் ஒரு பென்டிரைவ் போலத் தெரியும். கெட்டுப்போன கோப்பை மட்டும் திருத்தலாம், முழு இமேஜையும் மறுபடி எழுதலாம். டோ-பூட் என்ற பூட்லோடரை ஏற்கெனவே நிறுவியிருந்தால் கார்டுகூட வேண்டாம். ஆன் செய்யும்போது வால்யூம் மேல் பட்டனைப் பிடித்திருந்தால் அதே வேலை நடக்கும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. கார்டில் இமேஜ் எழுதும் டிடி கட்டளையில் முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுக்காமல் முதல் பார்ட்டிஷனின் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். எழுதி முடித்ததாகத்தான் காட்டும். ஆனால் பூட்லோடர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, போன் கார்டைக் கண்டுகொள்ளாமல் இஎம்எம்சிக்குப் போய்விடும். 'கார்டு பூட் ஆகவில்லை' என்று புலம்பும் முன் இதைப் பாருங்கள். சுருக்கிய இமேஜை விரிக்காமல் எழுதுவது அடுத்த தவறு.

பூட் பாதியில் நின்றால் காரணத்தைப் பார்க்கவும் வழி இருக்கிறது. பின்மூடிக்குள் ஆறு சிறு சுவிட்சுகள்: மோடம், வைஃபை-புளூடூத், மைக், பின் கேமரா, முன் கேமரா, ஹெட்ஃபோன். ஆறாவதை அணைத்தால் ஹெட்ஃபோன் துளை, பூட் செய்திகளைக் கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோல் ஆகிவிடும். 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் கேபிள், வேகம் 115200. கெர்னல் எந்த வரியில் விழுந்தது என்பது கண் முன்னே ஓடும். மறுபடி பாட்டு கேட்க அந்தச் சுவிட்சைத் திருப்பிப் போட மறந்துவிட்டு, ஆடியோ டிரைவரைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

பேட்டரியும் அப்படியே. நகத்தால் பின்மூடியை நெம்பி எடுத்தால் பேட்டரி கையோடு வரும். சாம்சங் கேலக்ஸி ஜே7-இன் 2015 மாடல் பேட்டரியின் அளவுதான், அதுவே பொருந்தும். புதிதாக வரும் போனில் பேட்டரி முனைகளை மறைத்து ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் ஆன் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இப்போது அதே விபத்தை ஒன்பிளஸ் 6-இல் நடத்திப் பாருங்கள். கார்டு போடும் இடமே கிடையாது. எல்லாம் ஃபாஸ்ட்பூட் வழியாகத்தான், அதாவது யூஎஸ்பியில் கணினியோடு பேசும் பூட்லோடர் பயன்முறை. அது இருக்கும்வரை பயமில்லை, மீண்டும் ஃப்ளாஷ் செய்யலாம். ஆண்ட்ராய்டின் வன்பொருள் விவரம் இருக்கும் டிடிபிஓ பார்ட்டிஷனை அழிக்க மறந்தால் மட்டும் லோகோவிலேயே நிற்கும். ஆனால் இது ஏ, பி என்று இரண்டு ஸ்லாட் (இயங்குதளம் இருக்கும் இரட்டை இடம்) கொண்ட போன். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் 'வெற்றி' என்று குறிக்காவிட்டால், சில முயற்சிகளுக்குப் பின் பூட்லோடர் அந்த ஸ்லாட்டைத் தள்ளிவிட்டு மற்றதற்குத் தாவும். போஸ்ட்மார்கெட்ஓஎஸ்ஸில் இந்தக் குறியிடும் வேலையை க்யூபூட்சிடிஎல் என்ற கருவி செய்கிறது. சொந்தமாகக் கெர்னல் கட்டி, அது பாதியிலேயே விழுந்துகொண்டிருந்தால் குறி விழாது. திடீரென்று பழைய ஆண்ட்ராய்டு எச்சம் பூட் ஆக முயலும். பதற வேண்டாம், ஃபாஸ்ட்பூட்டில் ஸ்லாட்டை மாற்றினால் சரி. அதனால்தான் லினக்ஸ் ஏற்றும் முன் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே ஃபர்ம்வேர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்வது.

பூட்லோடரே கெட்டால் கதை வேறு. இடிஎல் என்ற, சிப்பின் அவசர மீட்புப் பயன்முறைக்குப் போக வேண்டும், அதற்குக் கையொப்பமிட்ட நிரல் வேண்டும், விண்டோஸ் கருவி வேண்டும். மீண்டு வரும் போன் ஆண்ட்ராய்டோடு, பூட்லோடர் பூட்டிய நிலையில் இருக்கும்; அன்லாக்கிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பேட்டரி மாற்றவோ, பசை போட்டு ஒட்டிய கண்ணாடியைச் சூடாக்கிப் பிரிக்க வேண்டும். 2018-இல் செய்த போனில் அந்த நாள் தொலைவில் இல்லை.

அழைப்புகளில் இரண்டுமே முழு மதிப்பெண் வாங்காது. பைன்போனின் குவெக்டெல் ஈஜி25-ஜி மோடம் தனக்குள் ஒரு லினக்ஸையே ஓட்டும் குட்டிக் கணினி. 4ஜி வழியே குரல் அழைப்பு அனுப்பும் வோல்டிஇ வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நெட்வொர்க்குக்கு ஏற்ற எம்பிஎன் சுயவிவரத்தை (மோடத்தின் அமைப்புக் கோப்பு) மோடத்துக்குக் கொடுக்கும் ஏடி கட்டளையால் தேர்ந்தால் போதும். போன் தூங்கும்போது அழைப்பு வந்தால் மோடம்தான் சிப்பை எழுப்ப வேண்டும், ஆகவே மணி சற்றுத் தாமதமாக அடிக்கும். சில வேளை மோடம் யூஎஸ்பியிலிருந்து காணாமல் போய்த் திரும்பி வரும். மோடத்தைக் கவனிக்கும் ஈஜி25-மேனேஜர் சேவையை மறுதொடக்கம் செய்வதுதான் முதல் மருந்து.

ஒன்பிளஸில் வோல்டிஇக்கான பாதி வேலை ஆண்ட்ராய்டு பக்கத்தில் இருந்தது. அது இல்லாத லினக்ஸில் குரல் அழைப்பு 2ஜி, 3ஜிக்கு இறங்க முயலும். அவை மூடப்பட்ட இடங்களில் டேட்டா ஓடும், அழைப்பு போகாது. இந்த இடைவெளியை அடைக்கும் மென்பொருள்கள் எழுதப்படுகின்றன. உங்கள் சிம்மில் பிடிக்குமா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

உபுண்டு டச் போல, ஆண்ட்ராய்டின் டிரைவர்கள் மேல் லினக்ஸை ஓட்டும் ஹேலியம் வழியையும் சிலர் கேட்பார்கள். கேமரா முதலான வன்பொருள் அதில் ஒழுங்காக ஓட வாய்ப்பு அதிகம். ஆனால் அடியில் இருப்பது ஆண்ட்ராய்டு கெர்னல். 845-க்கு அது 4.9. கெர்னலைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவருக்கு அது ஒத்துவராது.

பைன்போனின் அண்ணனான பைன்போன் ப்ரோவையும் இதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அதன் ஆர்கே3399எஸ் சிப் முதலில் எஸ்பிஐ என்ற சிறு நினைவகம், பிறகு இஎம்எம்சி, கடைசியில்தான் கார்டு என்று பார்க்கும். உள்ளே கெட்டிருந்தால் கார்டு தானாக எழாது. பின்மூடிக்குள் இருக்கும் ஆர்இ பட்டனை அழுத்திக்கொண்டு ஆன் செய்ய வேண்டும். ப்ரோவின் தயாரிப்பை பைன்64 2025-இல் நிறுத்திவிட்டது. அதனால் பழையது கிடைத்தால், வாங்கும் முன் மூடியைத் திறந்து அந்தப் பட்டன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்.