கரண்ட் போனாலும் நெட் இருக்கணும்: ஃபைபரா, கேபிள்காரர் லைனா, 5ஜி பெட்டியா?

வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் பழைய லைனை மாற்றியே ஆகவேண்டிய நிலை. சங்கரன்கோவில் மாதிரியான ஊர்களில் இப்போது மூன்று வழி இருக்கிறது. ஒன்று, வீட்டுக்குள்ளேயே கண்ணாடி இழை வந்து சேரும் ஃபைபர். இரண்டு, தெருமுனைப் பெட்டி வரைக்கும் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள் என்று உள்ளூர் கேபிள்காரர் இழுத்துத் தரும் லைன். மூன்று, டவரிலிருந்து சிக்னல் வாங்கும் 5ஜி பெட்டி. நான் முதலாவதைப் போட்டுக்கொண்டேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வேகத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. வீடியோ கால், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, ராத்திரி ஒரு படம் எல்லாவற்றுக்கும் 50 எம்பிபிஎஸ் தாராளம். மூன்றிலுமே அது கிடைக்கிறது. கம்ப்யூட்டருக்கும் எது வந்தாலும் ஒன்றுதான். ரவுட்டர் அதற்கு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுக்கும், அது ரவுட்டர் வழியாக வெளியே போய்வரும். வித்தியாசமெல்லாம் ரவுட்டருக்கு அந்தப் பக்கம், தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவில் கரண்ட் போனால் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வருகிற நாட்கள் உண்டு. ஐப்பசி வந்துவிட்டால் இடி இடிக்கும்போதெல்லாம் கரண்ட் போகும்.

கேபிள்காரர் லைனில் இது எப்படிப் போய் முடியும் என்று பாருங்கள். லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. அதனால் தெருவுக்கு ஒரு பெட்டியாவது வைத்தாக வேண்டும். மின்கம்பத்திலோ யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலோ தொங்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு சுவிட்சும் அதற்கு ஒரு அடாப்டரும் இருக்கும். அதற்குக் கரண்ட் அந்தத் தெருவிலிருந்துதான். பல இடங்களில் பேட்டரி வைப்பதில்லை. வைத்தாலும் பழசாகிப்போய் அரைமணி நேரம் தாங்குவதில்லை. நம் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும், ரவுட்டரில் விளக்கு எரியும், நெட் மட்டும் இருக்காது. நாம் எவ்வளவு செலவு செய்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் கரண்ட் வேண்டிய இடம் நம் கையில் இல்லை. இன்னொன்று, லேன் கேபிள் செம்புக் கம்பி. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த அதிர்ச்சி கம்பி வழியாக வந்து சுவிட்சின் போர்ட்டையோ நம் ரவுட்டரின் போர்ட்டையோ எரித்துவிடும். மழைக்காலத்தில் கேபிள்காரர் பையில் எப்போதும் ஒரு சுவிட்ச் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

ஃபைபரில் அந்த நடுப்பெட்டியே கிடையாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரு இழையைத் தெருவில் ஸ்பிளிட்டர் என்ற சின்னச் சாதனம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அது வெறும் கண்ணாடி, ஒளியைப் பங்கு போடுவது மட்டும்தான் அதன் வேலை, கரண்டே வேண்டாம். அந்த ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி வீட்டுக்கு வருகிறது, 1310 நானோமீட்டர் ஒளி வீட்டிலிருந்து போகிறது. எக்ஸ்சேஞ்சில் பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். மிச்சம் நம் வீட்டில் இழை வந்து சேரும், ஒளியை நெட் சிக்னலாக மாற்றும் ஓஎன்டி பெட்டிதான். அதற்கு ஒரு மினி யுபிஎஸ் போதும். ஊரே இருட்டில் இருக்கும்போதும் நான் மீட்டிங்கில் இருக்க முடிகிறது. இடி விஷயத்திலும் கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பது பெரிய நிம்மதி.

லைன் போட வந்த தம்பி செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். வரும் ஒளியின் பலத்தை டிபிஎம் கணக்கில் காட்டும் மீட்டரைச் சொருகினார், மைனஸ் 21 காட்டியது. மைனஸுக்குப் பின்னால் எண் கூடக்கூட ஒளி பலவீனம் என்று அர்த்தம். மீதி வயரை அலமாரிக்குப் பின்னால் இறுக்கிச் சுருட்டிச் செருகிவிட்டு மறுபடி பார்த்தால் மைனஸ் 26. மைனஸ் 27, 28 வரைக்கும்தான் பெட்டி தாங்கும். "அண்ணே, மடங்குனா ஒளி வெளிய போயிரும்" என்று சொல்லி, பிரித்து உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகச் சுற்றி மாட்டினார். பழைய எண் வந்துவிட்டது. வீடு கூட்டும்போது மேசையைத் தள்ளி வயரை நசுக்காமல் பார்த்துக்கொண்டால் வேறு பராமரிப்பு எதுவும் இல்லை. பழுது எங்கே என்பதும் ஓஎன்டி பெட்டியில் உள்ள எல்ஓஎஸ், பிஓஎன் என்ற விளக்குகளிலேயே தெரியும். எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளி வீடு வரை வரவில்லை. பிஓஎன் பச்சையாக நின்றும் நெட் வராவிட்டால் கோளாறு கம்பெனியின் பக்கம் அல்லது ரவுட்டர் அமைப்பில்.

ஃபைபருக்கு ஒரு பெரிய குறை உண்டு. உயரமாக லோடு ஏற்றிய லாரி இழுத்தோ மரக்கிளை விழுந்தோ இழை அறுந்தால், ஒட்டுவதற்கு ஸ்பிளைசிங் மெஷினோடு ஆள் வரவேண்டும். சின்ன ஊரில் அதற்கு ஒரு நாள் போனாலும் போகும். கேபிள்காரர் என்றால் ஏணியோடு வந்து புது கனெக்டரை அடித்துவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விடுவார். அந்த நாளுக்காக போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கிறேன். இருந்தாலும் இழை அறுவது எப்போதாவதுதான், கரண்ட் போவது வாடிக்கை.

5ஜி பெட்டியை அக்கா வீட்டில் பார்த்த அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம்; அடைமழையில் அது எப்படி என்று நான் பார்த்ததில்லை. வாடகை வீடு, சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறவேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல வழி. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைத்து உள்ளே வருவதற்குள் பலவீனமாகிவிடும் என்பதால், டவரைப் பார்த்து மாடியில் ஒரு ரிசீவரை மாட்டுகிறார்கள். அதற்கும் கீழே உள்ள ரவுட்டருக்கும் சேர்த்து பேக்கப் வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எல்லோரும் அந்த டவரிலேயே இருப்பதால் அக்கா வீட்டில் வேகம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆகவே லைன் போடுவதற்கு முன் யாராக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க ஆபீசுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல கரண்ட் வேணுங்கற பெட்டி எதாவது இருக்கா?" கேபிள்காரரிலும் இப்போது வீடு வரைக்கும் இழை கொடுப்பவர்கள் வந்துவிட்டார்கள், இல்லை என்று அவர் சொன்னால் தயங்காமல் அவரிடமே வாங்கலாம். மினி யுபிஎஸ் வாங்கும்போது ஓஎன்டி அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஆம்பியர் மட்டும் 1, 1.5, 2 என்று மாறும்; அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ தரும் யுபிஎஸ்தான் வேண்டும்.