கறிவேப்பிலைத் தொட்டி: தினமும் தூக்கி வைப்பதா, ஒரேயடியாக வெளியேவா?

டொராண்டோவில் ஆறேழு மாதம் ஜன்னலோரம் கிடந்த கறிவேப்பிலையை வெளியே எடுக்க இரண்டு வழிதான். மே தொடக்கத்திலிருந்தே பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று தூக்கித் திரிவது ஒன்று. கனடாவின் விடுமுறை நாளான விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை, கழியும்வரை பொறுத்திருந்து ஒரேயடியாக வெளியே வைத்துவிடுவது இன்னொன்று.

முதல் வழியில் செடிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் காலை வெயில். ஆனால் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் மறந்து தூங்கிவிட்டால் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்துவிடும். பெரிய தொட்டி என்றால் நம் இடுப்பும் போச்சு.

இரண்டாவதில் தூக்குகிற வேலை இல்லை, குளிர் பயமும் குறைவு. ஆபத்து வெயில்தான். ஒரு வருடம் நேராகத் தெற்குப் பக்க டெக்கில் (வீட்டோடு ஒட்டிய திறந்த மரத்தளம்) வைத்துவிட்டேன். இரண்டே நாளில் இலைகளில் வெளிறிய திட்டுகள், தொட்டால் காகிதம் மாதிரி. வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்தில் வளர்ந்த இலை அந்த வெயிலைத் தாங்காது, கருகிய இடம் மறுபடி பச்சையாகவும் ஆகாது. அதனால் ஒரேயடியாக என்றாலும் முதல் வாரம் மரநிழலோ வடக்குச் சுவரோரமோதான்.

சின்னத் தொட்டி என்றால் முதல் வழிக்கே என் ஓட்டு. என்னுடையது நாலடி உயரம், இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். சரி, மே கடைசிவரை அது ஜன்னலோரமே இருக்கட்டும்.