ஸ்டாக்ஃபிஷ்: மார்ஃபிக்கே மார்க் போடும் இலவச மென்பொருள்

ரெண்டு மாதமாக ஸ்டாக்ஃபிஷ் செஸ் மென்பொருளை ஒரே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறேன். பழைய ஜாம்பவான்களின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, இந்த ஆள் இன்றைக்கு இந்த மெஷினோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோற்பார். யாராக இருந்தாலும். மனிதர் எட்டிய உச்ச ரேட்டிங், அதாவது ஆட்ட வலிமைக்கான புள்ளி, 2014-இல் நார்வேயின் கார்ல்சன் தொட்ட 2882; இது கணினிகளுக்கான பட்டியல்களில் 3500-க்கும் மேலே நிற்கிறது (ரெண்டும் ஒரே தராசு இல்லைதான், இருந்தாலும் தூரம் புரியும்).

2008-இல் வந்தது, இன்னும் காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. ஆனால் தனியாக இறக்கித் திறந்தால் எழுத்து மட்டும் தெரியும் ஒரு கறுப்புத் திரைதான் வரும், பலகையே இருக்காது! பலகை காட்ட வேறொரு மென்பொருளோடு இணைக்க வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் ஆட்டத்தை ஏற்றுங்கள், அங்கே உள்ளே ஓடுவதும் இதுதான்.

சரி, ஆட்டங்களுக்கு வருவோம். 1858-இல் பாரிஸ் ஓபரா அரங்கில் அமெரிக்க ஜாம்பவான் பால் மார்ஃபி ஒரு டியூக்கையும் ஒரு கவுண்ட்டையும் சேர்த்து 17 நகர்த்தலில் முடித்தாரே, அதைத்தான் முதலில் போட்டேன். எட்டாவது நகர்த்தலில் ராணியால் பி7 கட்டத்துச் சிப்பாயைச் சும்மாவே எடுத்திருக்கலாம், மார்ஃபி எடுக்காமல் குதிரையை வெளியே கொண்டுவருகிறார். எடுத்தால் கறுப்பு ராணி செக் கொடுக்கும், ராணிகள் வெட்டுப்பட்டு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும், அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். மெஷினுக்கு அந்த மனக்குறையெல்லாம் இல்லை, லாபம் லாபம்தான். ஆனால் கடைசியில் ராணியைத் தூக்கி பி8-இல் வைக்கிறாரே, அங்கே இதுவும் வாயை மூடிக்கொண்டு 'மேட்' என்று காட்டுகிறது. தாக்குதலில் மிச்சம் ஒரு யானையும் ஒரு மந்திரியும், அவ்வளவுதான்.

அடுத்தது 1851-இல் லண்டனில் ஜெர்மானியர் ஆண்டர்சன் கீசெரிட்ஸ்கியோடு ஆடிய 'அழியா ஆட்டம்'. ரெண்டு யானை, ஒரு மந்திரி, ராணி எல்லாவற்றையும் கொடுத்து மேட் அடித்தது. 18-வது நகர்த்தலில் மந்திரியை டி6-இல் வைத்ததும், அதுவரை வெள்ளைக்குப் பொங்கிக்கொண்டிருந்த மதிப்பெண் பட்டை (யார் கை ஓங்கியிருக்கிறது என்று பலகைக்குப் பக்கத்தில் காட்டும் கோடு) கரைந்துவிடுகிறது. இவ்வளவு புகழ்ந்த ஆட்டமா இது என்று ஒரு நொடி தோன்றும். ஆனால் கறுப்பு எப்படித் தப்பியிருக்கலாம் என்பதை 1879-லேயே, பின்னாளில் உலக சாம்பியனான ஸ்டெய்னிட்ஸ் சொல்லிவிட்டார், பேனாவும் பலகையும் வைத்துக்கொண்டு. மெஷின் அதை அரை நொடியில் சொல்கிறது, அதுதான் வித்தியாசம்.

இந்தப் பட்டைதான் எனக்குப் பெரிய குறை. எண் காட்டும், காரணம் சொல்லாது. பழைய உலக சாம்பியன் லாஸ்கர் போன்ற ஒருவர் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஆடினார் என்பார்கள், அதற்கு இங்கே மார்க் கிடையாது. லாஸ்கருக்கு அடுத்து உலக சாம்பியனான காபாபிளாங்கா மட்டும் இதில் தப்பிக்கிறார். 2006-இல் கிராஃப்டி என்ற இன்னொரு மென்பொருளை வைத்து உலக சாம்பியன்களின் நகர்த்தல்களை ஒப்பிட்ட ஆய்விலும் முதலில் வந்தவர் அவர்தான். நான் ஏற்றிய அவருடைய ஆட்டங்களிலும் பட்டை பெரிதாக ஆடவே இல்லை. மெஷினோடு பத்து ஆட்டம் ஆடினால் ஒன்றிரண்டு டிரா எடுக்கக்கூடிய பழையவர் என்றால் என் ஓட்டு அவருக்கே. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். 2006-இல் பான் நகரில் கிராம்னிக், அப்போதைய உலக சாம்பியன், டீப் ஃபிரிட்ஸ் என்ற செஸ் மென்பொருள் ஒரே நகர்த்தலில் கொடுக்கப்போகும் மேட்டைப் பார்க்காமல் ராணியை வேறு பக்கம் கொண்டுபோனார். மனிதனுக்கு எப்போதாவது அப்படி ஆகும், இதற்கு ஆகாது.

வலிமையைக் குறைத்து ஆடும் வசதியை நம்பி வாங்கிவிடாதீர்கள் (வாங்க ஒன்றும் இல்லை, சும்மா சொன்னேன்). குறைந்த நிலையில் வைத்தால் பழைய மாஸ்டர் மாதிரி ஆடாது. நாலு நகர்த்தல் தெய்வம் மாதிரி ஆடிவிட்டு ஐந்தாவதில் வேண்டுமென்றே ஒரு காயைத் தாரை வார்க்கும். ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதல் தடவை பட்டையை மறைத்துவிட்டு. ஐந்துக்கு நாலு.

அப்புறம் ஒன்று. மார்ஃபி தன்னைவிடப் பலவீனமானவர்களோடு ஒரு குதிரையைக் கழித்துவிட்டு ஆடுவார். இப்போது லீலா என்ற மென்பொருள் லிச்செஸில் அதே மாதிரி குதிரை இல்லாமல் உட்கார்ந்து, வேக ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டர்களையே திணறடிக்கிறது. நேரம் தாராளமாகக் கொடுத்து அதன் எதிரே மார்ஃபியை உட்கார வைத்தால், என் பந்தயம் மார்ஃபி மேல்தான்.