புத்தக வேலையில் கேரமாண்ட்: நீண்ட நாள் பயன்படுத்தியவரின் பார்வை

ஆங்கிலப் புத்தகங்களுக்கும் இருமொழிப் புத்தகங்களுக்கும் பக்கம் வடிவமைப்பது என் தொழில். பல வருடங்களாக நான் அதிகம் எடுத்தாளும் எழுத்துரு கேரமாண்ட். நீண்ட உரைக்கு நல்ல செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு விளிம்பு உள்ள எழுத்துரு) எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். அதோடு எந்தக் கேரமாண்ட் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம், அந்தப் பெயரில் இரண்டு வம்சங்கள் உலவுகின்றன. குளோட் கேரமாண்ட் பாரிஸில் அச்செழுத்து வெட்டியவர், 1561இல் இறந்தார். அவருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜான் ஜானோன் என்ற அச்சாளர் செடான் நகரில் அதே பாணியில் எழுத்துகள் வெட்டினார். பின்னாளில் அவற்றையும் கேரமாண்டின் கைவேலை என்றே நம்பிவிட்டார்கள். 1926இல் அச்செழுத்து ஆய்வாளர் பியட்ரிஸ் வார்ட், பால் போஜோன் என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில்தான் உண்மையை நிறுவினார். அதற்குள் ஜானோனின் எழுத்தைப் பார்த்துச் மோனோடைப் நிறுவனம் செய்த மோனோடைப் கேரமாண்ட் வெளிவந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் ‘கேரமாண்ட்’ என்று வருவது அதன் கணினி வடிவம்தான்.

அழகான எழுத்துதான் அதுவும். ஆனால் சாய்வெழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் வெவ்வேறு கோணத்தில் சாயும். அழைப்பிதழில் அது துள்ளலாக இருக்கும். பத்து வரி மேற்கோளில் கண்ணை உறுத்தும். அதனால் புத்தகத்துக்கு நான் எடுப்பது அசல் கேரமாண்டை ஒட்டியவற்றை: ராபர்ட் ஸ்லிம்பாக் வடிவமைத்து 1989இல் வந்த அடோபி கேரமாண்ட், அல்லது கியோர்க் டஃப்னர் தொடங்கிய ஈபி கேரமாண்ட். இரண்டாவது இலவசம், திறந்த உரிமம். 1592இல் ஃபிராங்ஃபர்ட்டில் அச்சான எகெனால்ஃப்-பெர்னர் அச்செழுத்து மாதிரித் தாள்தான் அதற்கு ஆதாரம். அந்தத் தாளில் இருந்தபடியே, சாய்வெழுத்துக்கு இன்னொரு அச்செழுத்து வெட்டுநரான ராபர்ட் கிரான்ஜோனைப் பின்பற்றியிருக்கிறார்கள். நேர் எழுத்துக்கு நடுவே ஒரு சாய்வுச் சொல் வந்தால், வரி தடுக்காமல் ஓடுகிறது.

சரி, வடிவத்துக்கு வருவோம். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘ஈ’யின் (e) கண் மிகச் சிறியது, ‘ஏ’யின் (a) வயிறும் அப்படியே. b, d போன்றவற்றில் மேலே நீளும் கொம்புகள் பெரிய எழுத்துகளின் தலையையே தாண்டிப் போகும். தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வேறுபாடு மிதமானது. வட்டங்கள் அகன்ற முனைப் பேனா பிடித்த கைபோல் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இதெல்லாம் சேரும்போது எந்த எழுத்தும் தனியாகத் துருத்துவதில்லை, பக்கம் ஒரே சீரான சாம்பல் நிறமாகத் தெரிகிறது. நூறு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்கும்போதுதான் இதன் அருமை புரியும்.

சிறிய எழுத்துகளின் உடல், அதாவது கொம்பு நீங்கலான உயரம், குறைவு என்பதால் அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். 12 பாயிண்ட் கேரமாண்ட், 12 பாயிண்ட் டைம்ஸ் நியூ ரோமனை விடக் கண்ணுக்குத் தெளிவாகச் சின்னதாகத் தெரியும். 2014இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவர், அரசு ஆவணங்களைக் கேரமாண்டுக்கு மாற்றினால் நிறைய மை மிச்சமாகும் என்று கணக்குப் போட்டது பெரிய செய்தியானது. எழுத்துரு வல்லுநர்கள் உடனே சுட்டிக்காட்டியது இதைத்தான்: அதே பாயிண்டில் எழுத்தே சின்னது, கண்ணுக்குச் சமமாகத் தெரியும்படி அளவை ஏற்றினால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும். பாயிண்ட் எண்ணை நம்பாமல் அச்செடுத்துப் பார்த்துத்தான் நான் அளவை முடிவு செய்வேன். பெரும்பாலும் 11.5 பாயிண்ட் எழுத்துக்கு 14.5 பாயிண்ட் வரி இடைவெளி. வரியை அதைவிட நெருக்கினால் அந்த நீண்ட கொம்புகளுக்கு மூச்சு முட்டும்.

தாளும் முக்கியம். மை சற்று ஊறும், பளபளப்பில்லாத, லேசான மஞ்சள் தாளில் இது நிறைவாக விழும். வழவழப்பான வெள்ளைத் தாளில் மெலிந்துபோகிறது. பழைய, தெளிவு குறைந்த திரைகளில் இன்னும் மோசம். மெல்லிய கோடுகள் உடைந்து தெரியும். மின்னூலுக்கும் இணையப் பக்கத்துக்கும் நான் வேறு எழுத்துருதான் எடுப்பேன்.

தடித்த எழுத்து கேரமாண்ட் காலத்தில் இல்லாத விஷயம். இன்றைய பதிப்புகளில் இருக்கிறது, ஆனால் ஒட்டுப்போட்டதுபோல்தான் எனக்குத் தோன்றும். அத்தியாயத் தலைப்புக்குச் சிறு அளவுப் பெரிய எழுத்துகளை இடைவெளி விட்டு அமைத்தாலே போதும். ‘எஃப்’பை (f) அடுத்து ‘ஐ’யோ (i) ‘எல்’லோ (l) வரும் இடங்களில் இரண்டும் ஒன்றாக இணைந்த கூட்டெழுத்தையும், வரியோடு ஏறி இறங்கும் பழைய பாணி எண்களையும் கட்டாயம் இயக்கிவிடுங்கள். ஆண்டுகள் நிறைந்த வரலாற்று நூலில் அந்த எண்கள் பக்கத்தின் அமைதியைக் கெடுக்கவே கெடுக்காது. கணக்கு அட்டவணைக்கு மட்டும் ஒரே உயரமுள்ள எண்களுக்கு மாறிக்கொள்ளலாம்.

அப்புறம், தமிழோடு சேர்ப்பது. நம் எழுத்துகள் பெரும்பாலும் அகலமானவை, உடல் பெரியவை. ஒரே பாயிண்டில் வைத்தால் பக்கத்தில் இருக்கும் கேரமாண்ட் சுருங்கிப்போகும். தமிழை ஒன்றரை, இரண்டு பாயிண்ட் குறைத்து, கோடு மெலிந்த தமிழ் எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒரே நிறத்தில் அமரும். தடித்த தமிழ் எழுத்துருதான் வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டால், ஆங்கிலத்துக்குக் கேரமாண்டை விட்டுவிட்டு உடல் பெரிய வேறு செரிஃபுக்குப் போய்விடுவேன்.